கேள்வி பதில்: உருதுவில் ‘கசின்’

கேள்வி: உருது பேசும் மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். ‘கசின்’ என்பதற்கு ஈடாக எந்த உருதுச் சொல்லைக் கூறுவது? (வாசகர், வாணியம்பாடி)

பதில்: ஒற்றைச் சொல்லைத் தேடினால் மாணவர்கள் குழம்பவே செய்வார்கள். உருது, உறவு எந்த வழியில் வந்தது என்பதை முதலில் கேட்கும் மொழி. தந்தையின் தம்பி ‘சச்சா’ என்பதால் அவர் பிள்ளை ‘சச்சாசாத்’. அத்தையின் பிள்ளை ‘புப்பீசாத்’. தாய்மாமன் பிள்ளை ‘மாமூசாத்’. தாயின் சகோதரியுடைய பிள்ளை ‘காலாசாத்’. இவற்றின் இறுதியில் நிற்கும் ‘சாத்’, ‘பிறந்த’ எனப் பொருள்படும் பாரசீகச் சொல். ஆணா பெண்ணா என்பதைக் காட்ட ‘பாய்’ (சகோதரன்) அல்லது ‘பஹன்’ (சகோதரி) சேர்ப்பார்கள்.

ஆங்கிலச் சொல்லோ தந்தை வழியையும் தாய் வழியையும் சொல்வதில்லை. ஆண், பெண் வேறுபாட்டையும் காட்டுவதில்லை. ‘பாய்’, ‘பஹன்’ சேர்த்துப் பழகிய மாணவர்கள் ‘கசின் பிரதர்’, ‘கசின் சிஸ்டர்’ என்று எழுதுவது இயல்பே. இந்திய ஆங்கிலத்தில் அது பரவலாக வழங்கினாலும், பிரிட்டிஷ், அமெரிக்க ஆங்கிலத்தில் ‘கசின்’ மட்டும் போதும். ஆணா பெண்ணா என்பதை, அடுத்து வரும் ‘ஹி’, ‘ஷி’ உணர்த்திவிடும். எனக்கு இதுவே முதலில் கற்பிக்க வேண்டியதாகப் படுகிறது.

இன்றைய உருதுப் பேச்சிலும் ‘கசன்’ என்று இச்சொல் கலந்துவிட்டது. எனினும், ஆங்கிலத்திலிருந்து உருதுவுக்கு மொழிபெயர்க்கும்போது, உறவின் வழி மூலத்தில் தெரியாவிட்டால் ஊகித்து ‘சச்சாசாத்’ என எழுதாமல், ‘கசன்’ என்றே விடுவது நேர்மையானது.