சொந்த ஊர்தானே என்று சும்மா கிளம்பிவிடாதீர்கள்

கேள்வி: நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். டிசம்பர் நடுவில் மதுரைக்கு வந்து, பொங்கல் முடிந்து திரும்புகிறோம். மகளுக்கு நான்கு வயது, மகனுக்கு ஒன்பது மாதம், 9 கிலோ இருக்கிறான். இருவருக்கும் இதுதான் முதல் இந்தியப் பயணம். "எல்லாம் இங்கேயே கிடைக்கும், சும்மா கிளம்பி வாங்க" என்கிறார் மாமியார். கிளம்ப ஆறு வாரம் இருக்கிறது. என்ன தயார் செய்ய வேண்டும்?

பதில்: மாமியார் சொல்வது பாதி சரி. டயப்பர், பால் பவுடர், துணிமணி எல்லாம் மதுரையில் கிடைக்கும், அதற்காகப் பெட்டியை அடைக்க வேண்டாம். ஆனால் கிளம்புவதற்கு முன்னால் மட்டுமே செய்ய முடிகிற வேலை சில இருக்கிறது, அதைத்தான் "நம்ம ஊர்தானே" என்ற நினைப்பில் பலரும் விட்டுவிடுகிறார்கள். சுற்றுலா வருகிற வெள்ளைக்காரர் ஊசி போட்டு, பாட்டில் தண்ணீர் குடித்து, ஹோட்டலில் தங்கிவிட்டுப் போகிறார். சொந்தக்காரர்களைப் பார்க்க வருகிறவர்கள் நாலு வீட்டில் சாப்பிட்டு, கல்யாணத்துக்குப் போய், மாதக்கணக்கில் தங்குகிறார்கள், ஆனால் டாக்டரைப் பார்க்காமலே விமானம் ஏறுகிறார்கள். நீங்கள் இந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள், உங்கள் பிள்ளைகள் அப்படி இல்லை.

முதலில் தடுப்பூசி, இந்த வாரமே. அமெரிக்காவில் தட்டம்மைக்கான எம்எம்ஆர் ஊசியை ஒரு வயதில்தான் போடுவார்கள். வெளிநாடு போகிற குழந்தைக்கு ஆறு மாதத்திலிருந்தே ஒரு டோஸ் போட வேண்டும் என்பது அங்குள்ள விதிமுறையிலேயே இருக்கிறது. அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே "இந்தியா போகிறோம்" என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒரு வயது ஆகட்டும் என்று அனுப்பிவிடலாம். இந்த டோஸ் கணக்கில் சேராது, ஒரு வயதுக்குப் பிறகு வழக்கமான இரண்டையும் போட்டே ஆக வேண்டும். மகளுக்கு இரண்டாவது டோஸ் ஆகிவிட்டதா என்று பாருங்கள். ஆகவில்லை என்றால், முதல் டோஸ் போட்டு 28 நாள் தாண்டியிருந்தால் இப்போதே போட்டுக்கொள்ளலாம். மகனுக்கு ஹெபடைடிஸ் ஏ ஊசியையும் பயணத்துக்காக முன்கூட்டியே போடுவார்கள், கேளுங்கள். ஃப்ளூ ஊசி முதல்முறை என்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ், அதனால் தள்ளிப்போட நேரமில்லை. டைபாய்டு ஊசி அங்கே வழக்கமான அட்டவணையில் கிடையாது, கேட்டால்தான் போடுவார்கள். மகளுக்குக் கிளம்ப இரண்டு வாரத்துக்கு முன்பாவது போட்டுவிடுங்கள். அங்கே அந்த ஊசியை இரண்டு வயதுக்கு மேல்தான் போடுவதால், மகனுக்குச் சுத்தமான தண்ணீரும் கை கழுவுவதும்தான் பாதுகாப்பு. மலேரியா மாத்திரை தேவையா என்பது வேறு எங்கெல்லாம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது, ஊர்ப் பட்டியலோடு டாக்டரிடம் போங்கள்.

விமானத்தைப் பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள், அது ஒரு நாள் கூத்து, சமாளித்துவிடலாம். தொட்டில் வேண்டும் என்று டிக்கெட் எடுத்த அன்றே சொல்லிவையுங்கள், எடை வரம்பு ஒவ்வொரு விமானத்துக்கும் வேறு. இறங்க ஆரம்பித்ததும் மகனுக்குப் பால் கொடுங்கள், மகளுக்கு ஸ்ட்ரா போட்ட டம்ளரில் ஜூஸ், விழுங்க விழுங்கக் காது வலி குறையும். தூங்கவைக்கச் சளி மருந்து கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். சில குழந்தைகள் அதைக் குடித்தால் தூங்குவதற்குப் பதில் துள்ளும், சின்னக் குழந்தைக்கு மூச்சே மந்தமாகலாம்.

இனி நான் மிகவும் கவலைப்படுகிற விஷயம், காய்ச்சல் மருந்து. டிசம்பர், ஜனவரியில் எங்கள் ஓபியில் இதைப் பார்க்கிறேன். அமெரிக்கக் குழந்தைகள் சிரப்பில் 5 மில்லிக்கு 160 மில்லிகிராம் பாராசிட்டமால். இங்கே 5 மில்லிக்கு 120 என்று ஒரு பாட்டில், 250 என்று இன்னொரு பாட்டில், அப்புறம் சின்ன டிராப்ஸ் பாட்டிலில் ஒரே மில்லியில் 100. உங்கள் மகனுக்கு ஒரு வேளைக்கு 135 மில்லிகிராம் வரை போதும், அங்கே நீங்கள் கொடுப்பது 4 மில்லியாக இருக்கும். அதே 4 மில்லியை இந்த டிராப்ஸில் கொடுத்தால் 400 மில்லிகிராம், மூன்று மடங்கு! அதனால் அங்கிருந்தே உங்கள் பாட்டிலையும் சிரிஞ்சையும் கொண்டுவாருங்கள். இங்கே வாங்க நேர்ந்தால் எத்தனை மில்லி என்று கேட்காதீர்கள், எத்தனை மில்லிகிராம் என்று கேட்டு லேபிளைப் படியுங்கள். இன்னொன்று, மழைக்காலம் முடிகிற சமயம், டெங்கு இருக்கும். இங்கே காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும்தான், இப்யூபுரோஃபென் பாட்டில் பெட்டியிலேயே இருக்கட்டும். டெங்கு கொசு பகலில் கடிக்கும், எனவே பகல் தூக்கத்துக்கும் கொசுவலை போடுங்கள்.

தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் கொடுங்கள், வெளியே போகும்போதும் அதையே பாட்டிலில் எடுத்துப் போங்கள். சூடான இட்லி, வீட்டு ரசம் சாதம் எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். வெட்டிவைத்த பழம், ஐஸ் போட்ட ஜூஸ், விருந்தில் வெகுநேரம் ஆறிக் கிடந்த பாயசம் வேண்டாம். வயிற்றுப்போக்கு வந்தால் ஓஆர்எஸ்தான் மருந்து. பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரே தடவையாகக் கரையுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கலக்கினால் உப்பு அளவு கெட்டுவிடும். டெட்ரா பேக்கில் வருகிற இனிப்பு பானம் அதற்கு ஈடாகாது. எட்டு மணி நேரம் சிறுநீர் போகவில்லை, மலத்தில் ரத்தம், அல்லது குழந்தை துவண்டு கிடக்கிறது என்றால் உடனே ஆஸ்பத்திரி.

பெரியவர்கள் ஆசையாகச் செய்வதில் இரண்டை மட்டும் தடுக்க வேண்டும். ஒரு வயதுக்குள் தேன் ஒரு சொட்டுக்கூட வேண்டாம், பொட்டுலிசம் என்ற விஷ நோய் வரலாம். கண்ணுக்கு மை தீட்டுவதும் வேண்டாம், சில மைகளில் ஈயம் இருக்கிறது. இதை நீங்கள் சொன்னால் மாமியாருக்கு மனசு கஷ்டமாகலாம், உங்கள் கணவரே அவர் அம்மாவிடம் வருவதற்கு முன் போனில் சொல்லிவிடட்டும். டாக்டர் சொன்னார் என்று என் மேல் போட்டுவிடுங்கள், பரவாயில்லை.

நேர வித்தியாசம் பத்தரை மணி நேரம். முதல் வாரம் பிள்ளைகள் நடுராத்திரி எழுந்து பசி என்பார்கள், அதனால் இரண்டாம் நாளே குலதெய்வம் கோயிலுக்கு வேன் பேசிவிடாதீர்கள். காலை வெயிலில் விளையாடவிடுங்கள், தானாகச் சரியாகும். கார் சீட்டைக் கொண்டுவாருங்கள், பின் சீட்டில் பெல்ட் இருக்கிற வண்டியாகக் கேளுங்கள், மடியில் வைப்பது பாதுகாப்பே இல்லை.

தெருநாயைத் தொடக்கூடாது என்று மகளிடம் இப்போதிருந்தே சொல்லுங்கள். நகக்கீறல் பட்டால்கூட அவள் வந்து சொல்ல வேண்டும், திட்டமாட்டோம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். பட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ரேபிஸ் ஊசிக்குப் போக வேண்டும், ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

திரும்பிப் போய் அடுத்த சில வாரங்களில் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், சாதாரணச் சளி என்று தோன்றினாலும், டாக்டரிடம் முதல் வாக்கியமே "இந்தியா போய் வந்தோம்" என்று இருக்கட்டும். அதைச் சொன்னால்தான் அவர்களுக்கு மலேரியா, டைபாய்டு பரிசோதனை எழுதத் தோன்றும்.