காஸ்பியன் கடல்: மீன்பிடி அளவைக் குறைத்தால் மட்டும் போதுமா?

கரையோர நாடுகள் ஐந்தும் மீன்பிடி அளவைக் கட்டுப்படுத்தினால் காஸ்பியனில் ஸ்டர்ஜன் மீன்கள் பெருகிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அது மட்டும் போதாது என்பதே என் கருத்து.

ஸ்டர்ஜன் வகைகளில் ஒன்றான பெலூகா சினை பிடிக்கவே பதினைந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். அதன் பிறகும் முட்டையிட அது ஆற்றில் எதிர்நீச்சலிட்டு ஏற வேண்டும், ஆனால் வோல்காவில் அந்த வழியை வோல்கோகிராத் அணை மறித்து அரை நூற்றாண்டுக்கும் மேலாகிறது. இது போதாதென்று, கப்பல்கள் அடியில் நிரப்பிவந்த நீரோடு கருங்கடலிலிருந்து வந்ததாகக் கருதப்படும், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும், ஜெல்லிமீன் போன்ற சீப்பு ஜெல்லி என்னும் உயிரினம் ஒன்று 1999 வாக்கில் இங்கே பெருகி, கில்கா என்னும் சிறுமீன் தின்னும் நீரில் மிதக்கும் மிகச் சிறிய விலங்குகளை வழித்துத் தின்றது. கில்கா குறைந்தால் அதை உண்ணும் பெலூகாவும் காஸ்பியன் சீல் என்னும் கடல்நாயும் பட்டினி கிடக்கும். எந்த நாட்டின் மீன்பிடி ஒதுக்கீட்டுப் பட்டியலிலும் ஜெல்லிக்கு இடமில்லை!

ஆகவேதான், 2003இல் கையெழுத்தாகி 2006இல் நடைமுறைக்கு வந்த, காஸ்பியனின் சுற்றுச்சூழலைக் காக்க இந்த ஐந்து நாடுகளும் செய்துகொண்ட தெஹ்ரான் உடன்படிக்கை, மாசு, அயல் உயிரினங்கள், உயிர்வளம், நீர்மட்ட மாற்றம் ஆகியவற்றை ஒன்றாகக் கருதுகிறது. நடைமுறையில் சிக்கல் என்னவென்றால், கடலுக்கு வரும் ஆற்றுநீரில் ஏறக்குறைய எண்பது விழுக்காட்டைத் தரும் வோல்கா முழுவதும் ரஷ்யாவுக்குள்ளேயே ஓடுகிறது; அதன் அணையையும் நீரையும் மற்ற நான்கு நாடுகள் நேரடியாகக் கட்டுப்படுத்த முடியாது.