"மெலிஞ்சிருக்கே" என்றது யார்?

கேள்வி: வயது 74. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் சொந்த வீடு. நானும் மனைவியும் மட்டும். மகன் ஓசூரில். புத்தகம்தான் எனக்கு உயிர். பழைய வார இதழ்த் தொடர்கதை பைண்டிங் மட்டும் 38 வைத்திருக்கிறேன். என் மனைவி ஒரு காலத்தில் வாராவாரம் பிரித்தெடுத்துத் தைத்தவை. சாயங்காலம் சில்வர் பீச்சில் என்னோடு நடந்து, படித்ததைப் பேசும் நண்பர் இரண்டு வருடத்துக்கு முன் மகனோடு பெங்களூர் போய்விட்டார். பிறகு பழக்கமான ஒருவரை நம்பி ஒரு பைண்டிங்கைக் கொடுத்தேன். ஐந்து மாதம் கழித்து, நடுவில் மூன்று வாரத்தை உருவிக்கொண்டு திருப்பித் தந்திருக்கிறார். நான் கவனிக்கவில்லை. அலமாரியில் வைக்கச் சொல்லி மனைவியிடம் கொடுத்தபோது அவள்தான், "இது மெலிஞ்சிருக்கே" என்றாள். அவள் படிப்பதை விட்டு ஆறு வருடம் ஆகிறது. கண்ணாடி ஒத்துவரவில்லை என்பாள், பல வருடமாகச் சர்க்கரை வேறு. நாள் முழுக்க டி.வி. சத்தம். இந்த வயதில் நம்பிப் பழக ஒரு துணையை எப்படித் தேடுவது?

பதில்: ஐயா, நண்பர் போனதும், வாங்கிப் போனவர் கையை வைத்ததும் வருத்தம்தான். இந்த மாதிரிக் கடிதம் மாதத்துக்கு இரண்டாவது வருகிறது. "மனம் தளராதீர்கள், நல்லவர்கள் இன்னும் இருக்கிறார்கள்" என்று எழுதி அனுப்பிவிடலாம். உங்களுக்கு அப்படி எழுதக் கை வரவில்லை.

மூன்று வாரத் தொடர் என்றால் மிஞ்சிப்போனால் பத்துப் பன்னிரண்டு தாள். அடுக்கி வைத்தால் கனம் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. வருடக் கணக்கில் சேர்த்துத் தைத்த பைண்டிங்கில் அது போனதைக் கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். ஆனால் நடுவிலிருந்து தாளை உருவினால் நூல் தொளதொளக்கும், முதுகு அந்த இடத்தில் லேசாகப் பள்ளம் விழும். தைத்த விரலுக்கு அது தெரியும். உங்கள் மனைவி அட்டையைத் திறக்கவில்லை, பக்க எண் பார்க்கவில்லை. கையில் வாங்கியதும் சொல்லிவிட்டார். "புத்தகம்தான் எனக்கு உயிர்" என்கிற உங்கள் கையில் அதே புத்தகம் வந்தது, போனது. ஒன்றும் தெரியவில்லை.

அதுவும் அந்த 38 பைண்டிங்கை "வைத்திருக்கிறேன்" என்று எழுதுகிறீர்கள். தைத்தவர் அவர். பின்னைப் பிடுங்கி, தாளை நீவி, மைதாப் பசையில் பூச்சிக்குத் துத்தம் கலந்து, அட்டை ஒட்டி, அம்மிக்கல்லைத் தூக்கி வைத்து ராத்திரி முழுக்க அழுத்தியவர் அவராகத்தான் இருக்கும். அதில் ஒன்றை வெளியாள் கையில் கொடுப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. வாங்கிப் போனவரின் நாணயத்தைப் பற்றி இவ்வளவு எழுதுகிறீர்களே, அடுத்தவர் பொருளை எடுத்துக் கொடுத்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

சரி, அதைவிடப் பெரிய தப்புக்கு வருகிறேன். "கண்ணாடி ஒத்துவரவில்லை." இதை ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அந்தத் தலைமுறைப் பெண்கள் அப்படிச் சொன்னால் அதற்கு இரண்டே அர்த்தம்: எனக்குத் தெரியவில்லை, எனக்காகச் செலவு செய்யச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை. சர்க்கரைக்காரருக்கு வருடம் ஒருமுறை கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். ஆறு முறை தவறியிருக்கிறது. டி.வி. சத்தம் என்று குறைப்படுகிறீர்கள், அவர் டி.வி. பார்க்கிறாரா, கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறாரா என்று ஒருநாளாவது எட்டிப் பார்த்தீர்களா?

நாளைக் காலை வெளிச்சத்தில் தினசரி காலண்டர் முன்னால் அவரை நிறுத்துங்கள். பழைய கண்ணாடி போட்டிருக்கட்டும். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, பெரிய தேதி எண்ணையும், அடியில் பொடி எழுத்தில் உள்ள ராகுகாலத்தையும் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண். இரண்டு கண்ணையும் திறந்தபடி பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணை மூடி மறைத்துவிடும். பல வீடுகளில் ஏமாறுவது இங்கேதான். அடுத்து ஜன்னல் கம்பியை ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கட்டும். கம்பி நெளிந்து தெரிந்தாலோ, நடுவில் கருப்பாகத் திட்டு இருந்தாலோ, பூச்சி பறப்பதுபோல் புதிதாக மிதந்தாலோ விழித்திரைச் சமாசாரம். அன்றைக்கே கிளம்ப வேண்டும். ராத்திரியில் பல்பைச் சுற்றி வட்டம், வெள்ளைப் புடவை பழுப்பாகத் தெரிவது, எவ்வளவு விளக்குப் போட்டாலும் மங்கல் என்றால் பெரும்பாலும் புரை. இந்தச் சோதனையில் ஒன்றும் சிக்காவிட்டாலும் போய்த்தான் ஆக வேண்டும். சர்க்கரை விழித்திரையில் வேலையைத் தொடங்கும்போது வலியும் இருக்காது, பார்வையும் குறையாது.

தயவுசெய்து கடைத்தெருவில் ரெடிமேட் கண்ணாடி வாங்கிக் கொடுத்து முடித்துவிடாதீர்கள். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸே உப்பிச் சுருங்கும், பவரும் கூடவே மாறும். இந்த வாரம் ஒத்துவந்த கண்ணாடி அடுத்த மாதம் ஒத்துவராது. மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனை எடுத்து, அளவு சில வாரம் ஒரு நிலையில் நின்ற பிறகுதான் கண்ணாடிக்கு எழுதி வாங்க வேண்டும்.

உங்கள் ஊரில் தலைமை அரசு மருத்துவமனை இருக்கிறது. அல்லது புதுச்சேரி பஸ் ஏறி தவளக்குப்பத்தில் இறங்கினால் அரவிந்த் கண் மருத்துவமனை. காலையில் முதல் ஆளாகப் போங்கள். அரை நாள் போய்விடும். பழைய கண்ணாடி, மாத்திரைச் சீட்டு, சர்க்கரை நோட்டு, டிபன், குடை. குடை மழைக்கல்ல. மருந்து விட்ட பிறகு நாலைந்து மணி நேரம் வெயில் கூசும், கிட்டத்தில் எதுவும் தெரியாது, படி தவறும். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்து அழைத்து வராதீர்கள். பக்கத்து வீட்டு அம்மாவோடு அனுப்பி வைக்கிற வேலையும் வேண்டாம். "தீபாவளிக்குப் பையன் வருவான், பார்த்துக்கொள்வான்" என்பதும் வேண்டாம். ஓசூரிலிருந்து அவன் வந்து செய்ய இது அவன் கடமை இல்லை. தாலி கட்டியவர் நீங்கள். டாக்டர் எதிரில் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள், எந்தக் கண்ணில் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

புரை மட்டும் என்றால் அதிர்ஷ்டம், அறுவை செய்தால் சரியாகிவிடும். அதன்பின் ஒரு மாதத்துக்குச் சொட்டு மருந்து இருக்கும். அதை விடுவது உங்கள் வேலை. தனக்குத் தானே விட்டால் பாதி கன்னத்தில் வழியும். கீழ் இமையை இழுத்து அந்தப் பையில் ஒரே ஒரு சொட்டு, கண்ணை மூடச் சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான். இரண்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிடம் இடைவெளி. படிக்கிற கண்ணாடி புண் ஆறின பிறகு. விழித்திரை கெட்டிருந்தால் போனது பெரும்பாலும் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம். இதைக் கேட்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். இருக்கட்டும்.

நண்பர் விஷயம். மாவட்ட மைய நூலகத்துக்குத் தினமும் ஒரே நேரத்துக்குப் போனால் இரண்டு மாதத்தில் பேச்சுத்துணை தானாக அமையும். கடன் கொடுப்பதென்றால் அச்சில் உள்ளதை மட்டும் கொடுங்கள். திருப்பாதிரிப்புலியூரில் 1906-ல் பிறந்த புதுமைப்பித்தன், கடலூரில் 1934-ல் பிறந்த ஜெயகாந்தன், இரண்டு உள்ளூர்க்காரர்களுமே இன்றைக்கும் கடையில் கிடைக்கிறார்கள். போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். பைண்டிங் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. கேட்பவரிடம், "அது வீட்டம்மாவுடையது, அவங்களைத்தான் கேட்கணும்" என்று சொல்லிவிடுங்கள். பொய் இல்லையே.

கண் தெளிகிறவரை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு டி.வி.யை அணைத்துவிட்டு இருபது நிமிடம் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். மெலிந்துபோன அந்த பைண்டிங்கிலேயே ஆரம்பியுங்கள். உருவிய இடம் வந்ததும் நிறுத்தி, அந்த மூன்று வாரத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். எழுத்துக் கூட்டிப் படித்து, தேதி பார்த்து அடுக்கித் தைத்தவருக்குக் கதை மறந்திருக்காது. அவர் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கங்களின் அளவுக்கே வெட்டிய வெள்ளைத் தாளில் எழுதுங்கள், தையல் பக்கம் ஒரு அங்குலம் விட்டு. முதுகைப் பிரித்துத் தைக்கும்போது ஊசி பழைய ஓட்டைகளிலேயே போகட்டும்; அந்தக் காலத்துத் தாளில் புதிதாகக் குத்தினால் கிழிந்துவிடும். நூல் கோத்துக் கொடுப்பது நீங்கள். ஓட்டை எங்கே என்பது அவர் விரலுக்குத் தெரியும்.