மூலக்கூறுகள் வரிசையில் நிற்பதில்லை

வணக்கம் ஐயா,

தண்டையார்பேட்டையில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். மாணவன் ஒருவன் ஒரு கணக்கோடு வந்தான். ஒரு மோலில் 6.022 × 10²³ மூலக்கூறுகள். ஒன்று வினைபுரிய நூறு கோடியில் ஒரு பங்கு நொடி என்று வைத்துப் பெருக்கினால் ஏறக்குறைய 1 கோடியே 90 லட்சம் வருடம் வருகிறது. "அப்புறம் சமையல் சோடாவில் வினிகர் ஊத்தினா எப்படி மிஸ் உடனே பொங்குது?" என்கிறான். பெருக்கல் சரிதான். தப்பு எங்கே என்று அவனுக்குப் புரியும்படி சொல்ல வரவில்லை.

— ஒரு டியூஷன் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் அந்தப் பையனைத் தட்டிக்கொடுங்கள். விடை வந்ததும் நோட்டை மூடிவிடாமல், டம்ளரில் பொங்குவதோடு ஒத்துப் பார்த்திருக்கிறான்.

பெருக்கினாலே, ரேஷன் கடை வரிசை மாதிரி ஒரு மூலக்கூறு முடித்தபின் அடுத்தது வருகிறது என்று ஆகிவிடும். உண்மையில் எல்லாம் ஒரே சமயத்தில் மோதிக்கொள்கின்றன. காற்றில் ஒரு மூலக்கூறு நொடிக்குப் பல நூறு கோடி முறை மோதுகிறது. மோதியதெல்லாம் வினையானால் எந்த வாயுக் கலவையும் கண்ணிமைக்கும் முன்பே தீர்ந்திருக்கும். ஆனால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த குடுவை, பொறி படாதவரை வருடக்கணக்கில் சும்மா கிடக்கும்.

வினை தொடங்கக் குறைந்தபட்சம் தேவைப்படும் ஆற்றல்தான் கிளர்வு ஆற்றல். அதைத் தாண்டும் மோதல்தான் தேறும். ஸ்வீடன் வேதியியலாளர் அர்ஹீனியஸ் 1889-இல் தந்த சமன்பாட்டில் கிளர்வு ஆற்றல் மோலுக்கு 50 கிலோஜூல், வெப்பநிலை 300 கெல்வின் என்று போட்டுப் பாருங்கள்: சுமார் 50 கோடி மோதலுக்கு ஒன்றுதான் தேறும். 310 கெல்வின் ஆக்கினால் தேறுவது ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. மோல் எண்ணிக்கை அப்படியே இருக்க, நேரம் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. இதை அவனையே போடச் சொல்லுங்கள், நீங்கள் போட்டுக் காட்ட வேண்டாம்.

எவ்வளவு தீரும், எது முதலில் தீரும் என்பதற்குத்தான் மோல். எவ்வளவு நேரம் என்பதற்குச் செறிவு, வெப்பநிலை, திடப்பொருளானால் மேற்பரப்பு எல்லாம் வேண்டும். காசிமேட்டு உப்புக்காற்றில் கிடக்கும் ஆணி முழுதும் துருவாக வருடங்கள் ஆகும். அதே இரும்பு தூளாகக் கம்பி மத்தாப்பில் இருந்தால் கணத்தில் பொறியாகிவிடும். வேகம் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் முதல் வகை வினையிலோ, 1 மோல் பாதியாகும் நேரமும் 100 மோல் பாதியாகும் நேரமும் ஒன்றே. பாடத்தில் இருப்பதுதான், ஆனால் பிள்ளைகள் வியந்து பார்க்க நாம் இடம் கொடுப்பதில்லை.

ஒரு முட்டை ஓடு சுமார் 5 கிராம், பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், 0.05 மோலுக்குச் சற்றுக் குறைவு. அதைச் சம எடையாக இரண்டாக்கி, ஒரு பாதியை நன்றாகப் பொடித்து, இரண்டு டம்ளரிலும் 100 மில்லி வினிகர் ஊற்றுங்கள். பொடி உடனே நுரைத்துக்கொண்டு கிளம்பும். துண்டு மறுநாள் வரைகூடக் குமிழ் விட்டுக்கொண்டிருக்கும். செல்போன் ஸ்டாப்வாட்சைப் பையன் கையில் கொடுங்கள். வரும் நேரங்களை எனக்கு எழுதுங்கள்.