ஊர் வழக்கத்தை மீறுவது தவறா?

"மனிதர்கள் போட்ட விதிதானே, மீறினால் தப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரனாக 'தப்பு' என்று என்னால் சொல்லவே முடியாது. இந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தபோது நாடார் பெண்கள் தோள்சீலை, அதாவது மார்பை மறைக்கும் மேல்துணி, போட்டதற்காக அடிபட்டார்கள், அவர்கள் துணி கிழிக்கப்பட்டது. பல பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1859-இல்தான் அரசர் மேலாடைக்கு அனுமதி தந்தார். அதிலும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாதென்று ஒரு நிபந்தனை! அந்தக் காலத்தில் இங்கே வாழ்ந்த சமயச் சீர்திருத்தவாதி அய்யா வைகுண்டர், தலைப்பாகை கட்டக்கூடாதென்று தடுக்கப்பட்டிருந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார். அவருடைய தலைமைப்பதியான சாமித்தோப்பில் இன்றும் அப்படித்தான்.

சரி, எல்லா விதியையும் மீறலாமா? அந்த விதி யாரைக் காக்கிறது, யாரை அவமானப்படுத்துகிறது என்று பாருங்கள். சாலை விதி எல்லோரையும் காக்கிறது. ஒரு பெண் யாரைக் கட்டவேண்டுமென்று ஊர் முடிவுசெய்வது அவளைக் காக்கவில்லை. அதைத் தயங்காமல் எதிர்த்துக் கேளுங்கள்.