அம்மாவுக்கு விசா வரவில்லை, டூலா வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி இது: "ஆறு மாதத்துக்கு முன்பு திருச்சியிலிருந்து கனடாவின் ஸ்கார்பரோ வந்தோம். மனைவிக்கு இப்போது 27 வாரம். பிரசவத்துக்கு வரவிருந்த மாமியாருக்கு விசா கிடைக்கவில்லை. டூலா ஒருவரை வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். டூலா என்றால் மருத்துவச்சிதானே? அரசு மருத்துவக் காப்பீடான ஓஹிப் பணம் கொடுக்குமா? நான் பக்கத்தில் இருந்தால் போதாதா?"

தம்பி, முதலில் அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். டூலா மருத்துவச்சி இல்லை, பிரசவத்தில் கூட இருந்து உதவும் துணை. இங்கே ஒன்டாரியோ மாகாணத்தில் மிட்வைஃப் எனப்படும் மருத்துவச்சி பல்கலைக்கழகத்தில் படித்து, 1994 முதல் சட்டப்படி உரிமம் பெற்று வேலை செய்பவர். பிள்ளையைப் பிடிப்பவர் அவர்தான். மருந்து எழுதுவார், பிறந்த பிறகு ஆறு வாரம் தாயையும் சேயையும் பார்ப்பார். அவருக்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறது. இங்கே குடியிருப்பவர் என்றால் ஓஹிப் அட்டை கைக்கு வராதவர்களுக்கும் அந்தச் சேவை இலவசம். டூலாவுக்கு உரிமம் என்று எதுவும் கிடையாது. அவர் உள்பரிசோதனை செய்யமாட்டார், பிள்ளையின் இதயத்துடிப்பைப் பார்க்கமாட்டார், பிரஷர் எடுக்கமாட்டார், மருந்து தரமாட்டார். "அதெல்லாம் நானே பார்த்துக்கொள்வேன்" என்று ஒரு டூலா சொன்னால் அவரை வைத்துக்கொள்ளாதீர்கள். டாக்டரோ மிட்வைஃபோ இருந்தே ஆகவேண்டும். டூலா அதற்கு மேல் ஒரு துணை. 27 வாரத்தில் மிட்வைஃப் கிடைப்பது கடினம், ஆனாலும் இரண்டு மூன்று கிளினிக்கில் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுத்து வையுங்கள். யாராவது விலகினால் இடம் கிடைக்கும்.

டூலா செய்யும் பெரிய வேலை, விட்டுப் போகாமல் கூட இருப்பது. நம் ஊரில் அம்மாவோ பெரியம்மாவோ செய்வது அதைத்தான். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளிலேயே பிரசவத் துணையாக ஒரு பெண்ணை உள்ளே விடும் ஏற்பாடு உண்டு. இங்கே நர்ஸ்கள் நல்லவர்கள், திறமைசாலிகள். ஆனால் அவர்களுக்கு 12 மணி நேர ஷிஃப்ட். ஏழு மணி ஆனால் ஒருவர் போய் இன்னொருவர் வருவார். மாதாமாதம் பார்த்த டாக்டர் அன்றைக்கு ட்யூட்டியில் இல்லாமலும் இருக்கலாம்; இருந்தாலும் அதிக நேரம் அறையில் இருப்பது கடைசிக் கட்டத்தில்தான். முதல் பிரசவத்தில் வலி சீராகப் பிடித்த பிறகே சராசரியாக 8 மணி நேரம் ஆகும், 18 வரைகூடப் போகும். அதற்கு முன்பு விட்டு விட்டு வரும் வலி ஒரு நாள் முழுக்க இழுப்பதும் உண்டு. அத்தனை நேரத்திலும் மாறாமல் இருக்கும் முகம் உங்களுடையதும் டூலாவுடையதும்தான்.

இது வெறும் ஆறுதல் விஷயமில்லை. 2017ல் வந்த கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 17 நாடுகளில் நடந்த 26 சோதனைகளை, 15,000க்கும் மேற்பட்ட பெண்களின் பிரசவங்களைச் சேர்த்துப் பார்த்தது. ஒருவர் தொடர்ந்து கூட இருந்த பெண்களில் சிசேரியன் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. பிரசவ நேரம் சராசரியாக 40 நிமிடம் குறைந்தது. வலி மருந்து கேட்டதும் குறைவு. அதற்கு முன் 2002ல், டொராண்டோ பல்கலைக்கழகத்தின் செவிலியர் துறைப் பேராசிரியர் எலன் ஹாட்நெட் தலைமையில், அமெரிக்கா, கனடா இரண்டிலுமாக 13 ஆஸ்பத்திரிகளில் ஒரு பெரிய சோதனை நடந்தது. அங்கே கூட இருந்தவர்கள் பயிற்சி பெற்ற ஆஸ்பத்திரி நர்ஸ்கள். சிசேரியன் விகிதம் குறையவில்லை. ஆஸ்பத்திரியின் பொறுப்புகளைச் சுமக்காத, உங்கள் மனைவியை மட்டும் கவனிக்கிற ஆள் என்பதில் ஏதோ இருக்கிறது என்றுதான் இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது. ஆனால் டூலா வைத்தால் சிசேரியன் வராது என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது.

வழக்கமான ஏற்பாடு இப்படி இருக்கும். பிரசவத்துக்கு முன் வீட்டுக்கு இரண்டு முறை வருவார். 38 வாரத்திலிருந்து 42 வரை ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம். வலி பிடித்ததும் வருவார், பிறந்த பிறகு இரண்டு மணி நேரம் போல இருப்பார், ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு ஒருமுறை வந்து பார்ப்பார். சிக்கல் எங்கே வருகிறது என்றால், 37 வாரத்திலேயே வலி வந்துவிடும். அல்லது அதே ராத்திரி அவர் துணையிருக்க ஒப்புக்கொண்ட இன்னொரு பெண்ணுக்கும் வலி பிடிக்கும். அதனால் மாற்று டூலா யார் என்று ஒப்பந்தத்தில் பெயரோடு இருக்கவேண்டும், அவரையும் ஒருமுறை வீடியோவிலாவது பார்த்துவிடுங்கள்.

வீட்டுக்கு வரும் அந்த இரண்டு முறையும் உங்களுக்குத்தான் அதிக வேலை. நீங்களும் சேர்ந்து பழகவேண்டும். குறுக்கு வலிக்கு அழுத்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகுத்தண்டு முடிகிற இடத்துக்குச் சற்று மேலே ஒரு முக்கோண எலும்பு இருக்கும். உள்ளங்கையின் அடிப்பகுதியை அதன்மேல் வைத்து, வலி ஏறத் தொடங்கியதும் அழுத்தி, இறங்கும்வரை ஒரே சீராகப் பிடிக்கவேண்டும். தேய்க்கக்கூடாது, தேய்த்தால் எரிச்சல்தான் மிஞ்சும். பிள்ளையின் முகம் அம்மாவின் வயிற்றைப் பார்த்தபடி இருந்தால், அதாவது பின்தலை முதுகுப் பக்கம் அழுத்தினால், வலி முழுக்கக் குறுக்கில்தான் இருக்கும். அப்போது மணிக்கணக்கில் இப்படி அழுத்தவேண்டி வரும், ஒரு ஆளின் கை தாங்காது. இன்னொன்று, பின்னால் நின்று இரண்டு உள்ளங்கையாலும் இரு பக்க இடுப்பையும் உள்நோக்கி, கொஞ்சம் மேல்நோக்கி நெருக்குவது. மண்டி போட்டு முன்னால் சாய்ந்திருக்கும்போது இது நன்றாக வேலை செய்யும். பந்து வாங்கினால் 65 சென்டிமீட்டர், குள்ளமானவர் என்றால் 55. உட்காரும்போது முழங்கால் இடுப்பைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்கவேண்டும், அதுதான் அளவு சரியா என்று பார்க்கும் வழி.

சத்தத்தையும் டூலா கவனிப்பார். வலியில் கத்துவதில் தவறில்லை. ஆனால் குரல் கீச்சென்று மேலே போனால் தோள் தூக்கும், தாடை இறுகும், மூச்சு மேலோட்டமாகும். அடித்தொண்டையிலிருந்து "ஆ..." என்று இழுக்கச் சொல்லி, அவரும் கூடச் சேர்ந்து இழுப்பார். பார்க்கச் சின்ன விஷயம், அறையின் நிலையையே மாற்றிவிடும்.

எப்போது கிளம்புவது என்பதில்தான் புதிதாக வந்தவர்கள் தவறுகிறார்கள். பயத்தில் முதல் வலிக்கே ஓடினால் கருப்பை வாய் 2 சென்டிமீட்டர்தான் திறந்திருக்கிறது என்று திருப்பி அனுப்புவார்கள். உள்ளே சேர்த்துக்கொண்டாலும் படுக்கை, டிரிப்ஸ், மெஷின் என்று சீக்கிரமே நடமாட்டம் குறைந்துவிடும். முதல் பிரசவத்துக்கு வழக்கமாகச் சொல்லும் கணக்கு: 5 நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் 1 நிமிடம், இப்படி 1 மணி நேரம். நடந்தாலும் குளித்தாலும் அடங்கிப்போனால் அது சூட்டு வலி. அதுவரை வீட்டில் இட்லி, கஞ்சி, தயிர் சாதம் என்று எளிதாகச் செரிப்பதைச் சாப்பிடட்டும். மணிக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்கவேண்டும், நிரம்பிய பை தலை இறங்குவதற்குத் தடை. இந்த நேரத்தில் டூலா போனிலோ நேரிலோ கூட இருப்பார். ஆனால் ரத்தப்போக்கு, பச்சையாகவோ பழுப்பாகவோ பனிக்குட நீர், பிள்ளையின் அசைவு குறைவது, 37 வாரத்துக்கு முன் வலி என்றால் எந்தக் கணக்கும் பார்க்காதீர்கள், டூலாவிடம் கேட்டுக்கொண்டும் நிற்காதீர்கள். உடனே லேபர் வார்டுக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். 35 முதல் 37 வாரத்துக்குள் எடுக்கும் ஜிபிஎஸ் என்ற கிருமிக்கான பரிசோதனையில் பாசிட்டிவ் வந்து, பனிக்குடம் உடைந்தாலும் அப்படித்தான்.

எபிடூரல், அதாவது முதுகு வழியாகப் போடும் வலி மருந்து, போட்டுக்கொண்டால் டூலாவுக்கு வேலை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். வேலை மாறுகிறது, அவ்வளவுதான். கால் மரத்துப்போவதால் ஒரே பக்கம் படுத்துக்கிடப்பார்கள், பிள்ளை திரும்ப வழியிருக்காது. நர்ஸோடு சேர்ந்து அரை மணிக்கோ முக்கால் மணிக்கோ ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்து, முழங்கால்களுக்கு நடுவே நிலக்கடலை வடிவப் பந்தை வைத்து இடுப்பைத் திறந்து வைப்பார். பிரஷர் இறங்கும், உடம்பு அரிக்கும், சிறுநீருக்கு டியூப் போடுவார்கள் என்று முன்பே சொல்லிவைப்பதால் திடீர்ப் பயம் இருக்காது. எபிடூரலுக்கு ஓஹிப் பணம் கொடுக்கும். அதைக் கேட்கும் பெண்ணை மட்டமாகப் பேசும் டூலா உங்களுக்கு வேண்டாம்.

இதிலே நம் மொழிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. "முடியல, முடியல" என்று நம் பெண்கள் வலியில் சொல்வது பெரும்பாலும் வலியின் சத்தம்தான். சில நேரம் நிஜமாகவே மருந்து கேட்பதும் அதே சொல்தான். யாரும் ஊகிக்கத் தேவையில்லாமல், சம்பந்தமில்லாத ஒரு சொல்லை முன்பே பேசி வையுங்கள். மாம்பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "முடியல" என்றால் தட்டிக்கொடுங்கள். "மாம்பழம்" என்றால் நர்ஸைக் கூப்பிட்டு எபிடூரல் கேளுங்கள், மறுபேச்சு வேண்டாம்.

டாக்டரோடு டூலா சண்டை போடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒன்டாரியோவின் 1996 மருத்துவச் சம்மதச் சட்டப்படி, நினைவோடு புரிந்து முடிவெடுக்கக்கூடிய பெண்ணின் சம்மதம் அவருடையது மட்டுமே. நீங்கள்கூட அவருக்காகச் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லமுடியாது. வலி வர டிரிப்ஸ் போடலாம், சிசேரியன் செய்யலாம் என்று டாக்டர் சொல்லும்போது, டூலா உங்கள் இருவருக்கும் கேள்விகளை நினைவூட்டுவார்: இப்போது ஏன், இதனால் என்ன நன்மை, என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, ஒரு மணி நேரம் பொறுத்தால் என்ன ஆகும். பிள்ளையின் துடிப்பு நன்றாக இருந்தால் இருவரும் தனியே பேச ஐந்து நிமிடம் கேட்கலாம். துடிப்பு விழுந்துகொண்டிருக்கிறது என்றால் கேள்விக்கு நேரமில்லை. மனைவிக்கு ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரை ஆஸ்பத்திரியிடமே கேளுங்கள். பல இடங்களில் போன் வழியாகத் தமிழ் கிடைக்கும். கணவன் மொழிபெயர்த்தால் கெட்ட செய்தியை மென்மையாக்கித்தான் சொல்வான். அன்பினால்தான் அப்படிச் செய்கிறான், ஆனால் அவளுக்குப் பாதிதான் தெரியவரும்.

சிசேரியன் என்றால் தியேட்டருக்குள் பொதுவாக ஒருவரைத்தான் விடுவார்கள், அது நீங்கள். பிள்ளையைத் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் யார் எங்கே என்று முன்பே முடிவு செய்யுங்கள்: நீங்கள் பிள்ளையோடு, டூலா உங்கள் மனைவியோடு. அம்மா இல்லாத ஊரில் அந்த ஒரு மணி நேரம் அவர் தனியாகக் கிடக்கக்கூடாது.

பிறந்ததும் பிள்ளையை வெற்று மார்பில் போட்டு, முதல் மணி நேரத்துக்குள் பால் குடிக்கவைக்க டூலா உதவுவார். முதல் நாட்களில் வரும் சீம்பால் ஒருவேளைக்கு ஒரு டீஸ்பூன் அளவுதான் இருக்கும். "பால் இல்லை" என்று பயந்து பவுடர் பாலுக்கு ஓடுவது அந்த நேரத்தில்தான். பிள்ளையின் வயிற்றுக்கு அதுவே போதும். ஊரிலிருந்து போனில் சேனை வைக்கச் சொல்வார்கள். சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம், தேன் கூடவே கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற நச்சுநோய் வரக்கூடும். லேகியம் கேட்டால், அடையாளமில்லாத டப்பாவில் வருவதை வாங்காதீர்கள். சில ஆயுர்வேத மருந்துகளில் ஈயம் இருந்ததாக ஹெல்த் கனடா எச்சரித்திருக்கிறது. பூண்டு, மிளகு, கருவாட்டுக் குழம்பு என்று பத்தியச் சாப்பாட்டை நீங்களே சமைக்கலாம். அதற்குப் பிறகும் உதவி வேண்டுமென்றால் பேறுகாலத்துக்குப் பிந்தைய டூலா என்று தனியாக இருக்கிறார்கள், மணிக்கணக்கில் கூலி.

பணம்: ஓஹிப் டூலாவுக்குக் கொடுக்காது. டொராண்டோ பக்கம் ஆயிரம் டாலருக்கு மேல், அனுபவசாலி என்றால் இரண்டாயிரத்தைத் தாண்டியும் கேட்பார்கள். பொதுவாகப் பாதியை முன்பணமாகவும் மீதியைப் பிரசவத்துக்கு முன்பும் கொடுக்கவேண்டியிருக்கும். உங்கள் வேலையில் இன்சூரன்ஸ் இருந்தால், டூலா என்ற சொல்லைச் சொல்லியே கேளுங்கள், ரசீது எப்படி இருக்கவேண்டும் என்றும் கேளுங்கள். கட்டுப்படியாகவில்லை என்றால், பயிற்சியில் இருக்கும் டூலாக்கள் சான்றிதழுக்காகப் பிரசவங்களில் கலந்துகொண்டாகவேண்டும், குறைந்த பணத்துக்கோ இலவசமாகவோ வருவார்கள். அதுவும் அமையாவிட்டால் பிள்ளை பெற்ற, பதற்றப்படாத ஒரு தோழியைக் கூப்பிட்டு மேலே சொன்ன அழுத்தும் முறைகளைச் சேர்ந்து பழகுங்கள். கோக்ரேன் தொகுப்பில் உறவினரும் தோழியரும் துணையிருந்த பிரசவங்களும் அடக்கம்.

நீங்கள் போதாதா என்று கேட்டீர்கள். நீங்கள் கட்டாயம் வேண்டும். ஆனால் 20 மணி நேரம் விழித்து, குறுக்கை அழுத்தி, நர்ஸுக்குப் பதில் சொல்லி, திருச்சிக்குப் போன் பண்ணி, எல்லாவற்றையும் ஒரே ஆளாகச் செய்தால் மனைவியின் கையைப் பிடித்துக்கொள்ள உங்களுக்குக் கை மிஞ்சாது. டூலா குறுக்கை அழுத்தும்போது உங்கள் மனைவி உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும்.

யாரிடமும் கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் ஆஸ்பத்திரியின் லேபர் வார்டைக் கூப்பிட்டு, எத்தனை பேரை உள்ளே விடுவார்கள், டூலாவும் அந்தக் கணக்கில் சேருமா, எபிடூரல் போடும்போது யார் வெளியே போகவேண்டும் என்று கேட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி விதி மாறும். அதன்பிறகு இரண்டு மூன்று டூலாக்களை இருவருமாகப் பாருங்கள். தமிழ் பேசுபவராக இருந்தால் நல்லது, ஆனால் உங்கள் மனைவி யார் பக்கத்தில் தோளைத் தளர்த்தி உட்கார்ந்தார் என்று கவனித்து அவரையே வைத்துக்கொள்ளுங்கள். 32 வாரத்துக்குள் முடிவு செய்தால் பழகுவதற்கு நேரம் இருக்கும்.