தெற்கு பார்க்காத கூரையும் அடகில் இருக்கும் பன்னிரண்டு பவுனும்

கேள்வி: மதுரையில் சொந்த வீடு. மாடியில் கிழக்கு மேற்காகச் சரிந்த ஷீட் கூரை. இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் ஓடுகிறது, பில் 2,900 ரூபாய் வரும். கொழுந்தனார் சோலார் ஏஜென்சி நடத்துகிறார். 3 கிலோவாட் போட்டால் 1,90,000 ரூபாயாம். ஆனால் கூரை தெற்கு பார்க்காததால் உற்பத்தி படுத்துவிடும், அதனால் சூரியனோடு திரும்பும் டிராக்கருடன் 5 கிலோவாட் போடுங்கள், 3,60,000 ஆகும் என்கிறார். மீதி நகையையும் வைக்கச் சொல்கிறார். அவர் கடை தொடங்க மூன்று வருடம் முன்பு 12 பவுன் வைத்து 3 லட்சம் வாங்கிக் கொடுத்தேன். வருடா வருடம் வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறேன். அடுத்த மாதம் மறுபடி தேதி வருகிறது. பயமாக இருக்கிறது.

பதில்: பயம் சரியான இடத்தில்தான் இருக்கிறது, அம்மா. ஆனால் அது கூரையைப் பற்றியது இல்லை.

திசைக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். டெல்லியில் தெற்கு முக்கியம். மதுரை பூமத்திய ரேகைக்குப் பத்து டிகிரி வடக்கில்தான் இருக்கிறது. சித்திரை தொடங்கி ஆவணி முன்பாதி வரை உச்சி வெயில் உங்கள் தலைக்கு வடக்கே நிற்கும். சரிவு பத்து டிகிரி அளவில் இருந்தால், கிழக்கு பார்த்த பேனலுக்கும் தெற்கு பார்த்த பேனலுக்கும் வித்தியாசம் வருடத்துக்கு மூன்று நான்கு சதவீதம்தான்.

ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 3 கிலோவாட் இரண்டு மாதத்தில் 720. திசையால் 25 யூனிட் போகட்டும், 695. உங்கள் தேவையே 600! அந்த 25 யூனிட்டுக்கு, உங்கள் பில்லில் வரும் அதிகபட்ச யூனிட் விலையைப் போட்டாலும் வருடத்துக்கு 1,300 ரூபாய் தாண்டாது. அதை மீட்க 1,70,000 ரூபாய் கூடுதல் கடன். பத்து சதவீதம் என்றால் வட்டி மட்டும் 17,000. மானியமும் அதிகமாகாது: மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் கூரை சோலார் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000, 5 போட்டாலும் அதே 78,000. ஷீட் கூரையில் மோட்டார் வைத்த டிராக்கரா? ஆடிக் காற்றை நினைத்துப் பாருங்கள்.

நிழலைப் பற்றி அவர் பேசினாரா? மாலை மூன்று மணிக்கு மாடியேறிப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பேனலின் ஓரத்தில் விழுந்தாலே அதோடு வரிசையாக இணைத்த மற்ற பேனல்களும் சேர்ந்து இறங்கலாம். திசையால் போவதைவிட இதில் போவது அதிகமாக இருக்கலாம். நிழல் விழாத சரிவில் ஆறு பேனல் பிடித்தால் போதும்.

மானியம் போக 1,12,000. வருடத்துக்கு 15,000 மிச்சம் என்று வைத்தால் போட்ட பணம் திரும்பி வர ஏழெட்டு வருடம். மோசமில்லை, அவசரமும் இல்லை. போடுவதானால் பொதுத்துறை வங்கிகளில் நகை கேட்காத சோலார் கடன் இருக்கிறது, வட்டியும் குறைவு.

இப்போது அந்தப் பன்னிரண்டு பவுன். மூன்று வருடத்தில் பத்து சதவீதத்தில் 90,000 வட்டி கட்டியிருப்பீர்கள், அசல் அப்படியே 3 லட்சம். வாங்கியவர் கடை நடத்துகிறார், வட்டி உங்களுடையது. போதாதென்று இப்போது அவருக்கே வாடிக்கையாளராகவும் ஆகப் போகிறீர்கள். இந்தத் திருப்பி வைக்கும் பழக்கம் நிற்காமல் எந்தப் பேனலும் உங்களுக்கு மிச்சம் பிடிக்காது.

அடுத்த மாதம் வட்டியோடு அசலிலும் 25,000 கட்டுங்கள். ரசீதைப் படம் எடுத்துக் கொழுந்தனாருக்கு அனுப்பி, "மாதம் 10,000 உங்கள் பங்கு, எந்தத் தேதியில் போடுவீர்கள்?" என்று கேளுங்கள். முதல் ஆறு தவணை வந்த பிறகு சோலார் கொட்டேஷனைப் பிரிக்கலாம்.